அப்பாவுக்குப் புதுப் பாட்டுப் பெட்டி வேண்டாம்

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. நீயும் மருமகளும் அவள் வயிற்றுக்குள் இருக்கும் குட்டியும் ஒரு குறையும் இல்லாமல் இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில்தான் இதை ஆரம்பிக்கிறேன். நாங்களும் இங்கே சுகம் என்று அடுத்த வரி வர வேண்டும், எல்லோரும் அப்படித்தானே எழுதுவார்கள், ஆனால் அந்த வரிக்கு வந்ததும் கை நின்றுவிட்டது. பதறாதே. யாரும் படுத்த படுக்கையில் இல்லை, அப்பா காலையில் எழுந்து நடக்கிறார், சாப்பிடுகிறார், செய்தித்தாளை வழக்கம்போலக் கடைசிப் பக்கத்தில் ஆரம்பித்து முதல் பக்கத்தில் முடிக்கிறார். ஆனாலும் என் நெஞ்சில் ஒரு கல் உட்கார்ந்திருக்கிறது, அதை உன்னிடம் இறக்கி வைக்கத்தான் எழுதுகிறேன். முகம் பார்த்துப் பேசுகிற போன் இருக்கும்போது அம்மா எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். வீட்டில் வைத்து இதைப் பேச முடியாது, ஏன் என்று போகப் போகப் புரியும். கடையிலிருந்து எழுதுகிறேன். முதலாளியம்மா நூல் வாங்கப் போயிருக்கிறாள், சாப்பாட்டு நேரம், ஆனால் காலையில் இருந்த குழப்பத்தில் சாப்பாட்டுப் பையை வீட்டிலேயே மறந்துவிட்டேன், அதனால் வயிறு காலி, கை மட்டும் ஓடுகிறது. தெருப் பக்கம் பெரிய கண்ணாடி போட்ட இடத்தில்தான் என் தையல் மேசை, வெளிச்சம் நன்றாக வரும். எழுதும்போது ஒவ்வொரு சொல்லுக்கும் என் வாய் அசையுமே, அம்மா கையால எழுதுறாங்களா வாயால எழுதுறாங்களான்னு நீ கேலி செய்வாயே, அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை. இப்போதும் முணுமுணுத்துக்கொண்டேதான் எழுதுகிறேன். கேட்பதற்கு இங்கே துணி மாட்டிய இரண்டு பொம்மைகள்தான் இருக்கின்றன, அவற்றுக்கும் தலை கிடையாது.

மருமகளுக்குச் சொல், இடுப்பில் எலாஸ்டிக் வைத்த இரண்டு கால்சட்டை தைத்து வைத்திருக்கிறேன், இந்த வாரம் பார்சல் போடுகிறேன், எட்டாம் மாதம் வரைக்கும் தாங்கும். மேல் அலமாரியில் இருக்கிற எதையும் அவள் நாற்காலி போட்டு ஏறி எடுக்கக் கூடாது, நீ எடுத்துக் கொடு. வீட்டில் வெந்நீர்ப் பெட்டி ஒழுகுகிறது, ஆள் வருகிறேன் வருகிறேன் என்று சொல்லியே நாளைக் கடத்துகிறார். மாடி வீட்டு டீச்சர் புதிதாக நாய் வளர்க்கிறார், அது எஜமானியைத் தவிர எல்லோர் பேச்சையும் கேட்கிறது. சரி, சுற்றி வளைத்தது போதும், நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். அப்பாவுக்கு இதைவிட உசத்தியான பாட்டுப் பெட்டி ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன், வாங்கி அனுப்பட்டுமா, அவ்வளவு விலை கொடுக்கத் தகுமா, நீயே அவரிடம் நைசாகக் கேட்டுச் சொல் என்று கேட்டிருந்தாய். அதன் படத்தையும் அனுப்பி, ஸ்டுடியோவில் பாடுகிறவர் மூச்சு இழுப்பதுகூடக் கேட்கும், சாதாரண மனிதக் காதுக்கு எட்டாத நுணுக்கம் எல்லாம் அதில் இருக்கிறது என்று எழுதியிருந்தாய். மனிதக் காதுக்கு எட்டாது என்றால் அதை வாங்கி யாருக்குப் போட்டுக் காட்டுவது, மாடி வீட்டு நாய்க்கா என்று அப்போது சிரித்தேன். இப்போது அந்த வரியைத் திரும்பப் படித்தால் சிரிப்பு வரவில்லை.

முதலில் உன்னை ஒன்று கேட்கிறேன், இதெல்லாம் எப்படி ஆரம்பித்தது என்று யோசித்துப் பார். அப்பா வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மாதம் நீ சட்டைப் பைக்குள் அடங்குகிற அந்த முதல் பெட்டியை அனுப்பினாய். பெயிண்ட் டப்பாவுக்கு மூடி அடிக்கிற பிரஸ் ஷாப்பில், அந்த இடிச் சத்தத்திலேயே காலம் முழுக்க நின்ற மனுஷன், ரிட்டயர் ஆனதும் ஒரு நாற்காலியைப் போட்டு உக்காந்து பாட்டு மட்டும்தான் கேக்கப் போறேன் என்று நமக்கெல்லாம் சொல்லிச் சொல்லி வைத்தவர், அதை மனதில் வைத்துத்தான் நீ வாங்கினாய், நல்ல மனசு. ஆனால் நீ முகம் பார்க்கிற போனில் எப்படிப்பா இருக்கு என்று கேட்டதற்குச் சத்தம் பத்தலப்பா என்றார். காதுக்குள் செருகுகிற மொட்டு சரியில்லை என்று சொல்லி, காதையே மூடுகிற பெரிய ஹெட்போன் அனுப்பினாய். அதற்கும் பாட்டு கொஞ்சம் மங்கலா இருக்கு என்றார். பாட்டைச் சுருக்கிப் பதிந்திருப்பதுதான் காரணம் என்று சுருக்காத பாட்டாக வண்டி வண்டியாக அனுப்பினாய். அவர் சரியில்லை என்று சொல்லச் சொல்ல நீ விலையை ஏற்றிக்கொண்டே போனாய். நாம் மூன்று பேருமே குறை பெட்டியில் இருக்கிறது என்றுதான் நினைத்தோம், இல்லை, இரண்டு பேர் நினைத்தோம்.

போன மாதம் போனில் உன் மேல் எரிந்து விழுந்தேனே, ஞாபகம் இருக்கும். அன்றைக்கு அப்பா சந்து முனையில் ரொட்டிக் கடைக்குப் போயிருக்கிறார், தலையில் அந்த ஹெட்போன், பின்னால் சாமான் இறக்க வந்த வேன் ரிவர்ஸ் எடுத்திருக்கிறது. ஓட்டுநர் ஹாரன் மேல் ஹாரன் அடித்தும் இவர் திரும்பவில்லை. வேனின் கண்ணாடி தோளில் இடித்து இரண்டு கையையும் ஊன்றி விழுந்திருக்கிறார். உள்ளங்கை முழுவதும் சிராய்ப்பு, சட்டை கிழிந்து வந்து நின்றார். தெருவே திரண்டு, வயசான காலத்தில பாட்டு கேட்டுக்கிட்டு ரோட்டுல நடக்கலாமா என்று அவரைத் திட்டியிருக்கிறது, அவரும் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டு வந்திருக்கிறார். எனக்கு வந்த கோபத்தில் அவரை விட்டுவிட்டு உன்னைப் பிடித்தேன், நீ அனுப்பின சனியன்தான் உங்கப்பாவைக் கொல்லப் பார்த்துச்சு என்று கத்தினேன். ஒரு வாரம் கழித்து, ஹெட்போன் போட்டிருந்தாலும் வெளிச் சத்தத்தை உள்ளே விடுகிற வசதியோடு வருகிறது என்று இந்தப் புது மாடலின் படத்தை அனுப்பினாய். என் பேச்சு உன்னை அவ்வளவு சுட்டிருக்கிறது என்று அப்போது எனக்குத் தெரியவில்லை கண்ணா. உன் மேல் தப்பே இல்லை, இதை முதலில் மனதில் வாங்கிக்கொண்டு மேலே படி.

வேன் இடித்த பிறகு நான் சும்மா இருப்பேனா. சொன்னால் கேட்கிற ஆளா உன் அப்பா, அதனால் சொல்லாமல் செய்தேன். அந்தப் பெட்டிக்குச் சார்ஜ் போடுகிற வயரை எடுத்துக் கடையில் பட்டன் டப்பாவுக்குள் போட்டுவிட்டேன். அவருடைய பழைய போனின் வயர் இதற்குச் சேராது, அது எனக்குத் தெரியும். நாலு நாளில் பெட்டி செத்துவிடும், என்னிடம் வந்து கெஞ்சுவார், வெளியே போகும்போது போட மாட்டேன் என்று சத்தியம் வாங்கிக்கொண்டு கொடுக்கலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன். நாலு நாள் போனது, கேட்கவில்லை. ஒரு வாரம் போனது, கேட்கவில்லை. பெட்டி சட்டைப் பையில், ஹெட்போன் தலையில், விரல் முழங்காலில் தாளம் போடுகிறது, தலை ஆடுகிறது. கள்ளத்தனமாக வேறு வயர் வாங்கிவிட்டார் என்று நினைத்து, மெத்தைக்கு அடியில், செருப்பு அலமாரியில், அவருடைய பழைய டூல் பையில் எல்லாம் தேடினேன். ஒன்றும் இல்லை. ஒரு நாள் அவர் குளிக்கப் போனபோது அதை எடுத்து என் காதில் மாட்டினேன், அப்படி என்னதான் கேட்கிறார் பார்ப்போம் என்று. ஒரு சத்தமும் இல்லை. எந்தப் பட்டனை அமுக்கினாலும் விளக்கு எரியவில்லை.

எங்கள் கடை வரிசையில் கடைசியில் ஒரு ரேடியோ, போன் ரிப்பேர்க்காரர் இருக்கிறார், பேச்சுக்குப் பேச்சு ஓகேம்மா ஓகேம்மா என்பதால் அவருக்கு ஓகே என்றே பேர். அவரிடம் வயரோடு சேர்த்துக் கொடுத்தேன். வயரை மாட்டிக் கொஞ்ச நேரம் வைத்திருந்து காதில் போட்டுப் பார்த்துவிட்டு, பெட்டி அருமையா இருக்கும்மா, பேட்டரி மட்டும்தான் சுத்தமா இறங்கி இருந்துச்சு, பல நாளா யாரும் சார்ஜ் போடல போல என்றார். இவ்வளவு விலைக்கு இது தகுமா என்று உனக்காக அவரிடமே கேட்டேன். ராத்திரி கதவைச் சாத்திக்கிட்டு உக்காந்து கேக்குற ஆளுக்கு, கூர்மையான காது இருந்தா, கொஞ்சம் வித்தியாசம் தெரியும்மா, பஸ்ஸுலயும் தெருவுலயும் கேக்குற ஆளுக்குக் கையில இருக்கிற போனே போதும், மிச்சமெல்லாம் மனசுக்குத் திருப்தி என்றார். நீ உனக்காக ஒன்று வாங்குவதாக இருந்தால் இந்த வார்த்தையை வைத்து முடிவு செய். எனக்கு அந்தப் பேச்சில் பாதிதான் காதில் ஏறியது. பல நாளாகச் சார்ஜ் இல்லை என்றால் இந்த மனுஷன் தினமும் எதைக் கேட்டுத் தலையாட்டுகிறார். பெட்டியை இருந்த இடத்திலேயே கொண்டுபோய் வைத்தேன், சார்ஜ் ஏறியதை அவர் கவனித்ததாகவே தெரியவில்லை. யோசித்து யோசித்து நான் வந்து சேர்ந்த முடிவு என்ன தெரியுமா, என் பேச்சைக் கேட்கப் பிடிக்காமல்தான் காதை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் என்பது. எனக்கு வாய் அதிகம்தான், ஒத்துக்கொள்கிறேன், ஆனாலும் கட்டின பெண்டாட்டி பேச்சுக் காதில் விழக்கூடாது என்று ஒரு மனுஷன் வெறும் ஹெட்போனை மாட்டிக்கொள்வாரா. துணி உலர்த்துகிற இடத்தில் போய் அழுதேன். இரண்டு நாள் பேசவில்லை. பேசாததையும் அவர் கண்டுகொள்ளவில்லை, அதுதான் இன்னும் எரிந்தது. உங்ககிட்ட பேசுறது செவிடன் காதுல ஊதின சங்குதான் என்று அவர் முதுகைப் பார்த்து, வாய் கூசாமல் சொன்னேன். இந்தப் பழமொழியை இனி என் வாழ்நாளில் சொல்ல மாட்டேன்.

மூன்றாம் நாள் சாயங்காலம் நான் குளியலறையில் துணி அலசிக்கொண்டிருக்கிறேன், அடுப்பில் விசில் அடிக்கிற கெட்டில். அது கத்துகிறது, கத்துகிறது, கத்திக்கொண்டே இருக்கிறது. அவர் அடுப்புக்கு நாலடி தள்ளி நாற்காலியில்தான் இருக்கிறார், எடுப்பார் எடுப்பார் என்று நானும் பிடிவாதமாக இருந்தேன். கடைசியில் விசில் தானாக ஓய்ந்ததும் ஓடி வந்தால், கெட்டில் வற்றி அடி சிவந்து கிடக்கிறது, இவர் அதற்கு முதுகைக் காட்டிச் செய்தித்தாள் படித்துக்கொண்டிருக்கிறார். தலையில் ஹெட்போன் இல்லை கண்ணா. அது மேசை மேல் கிடந்தது. ஈரக் கையோடு அப்படியே நின்றேன். எனக்கு உடனே அவருடைய பிரஸ் ஷாப் ஞாபகம் வந்தது. அந்தச் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவன் தொண்டை கிழியக் கத்தினாலும் கேட்காது, அதனால் அங்கே எல்லோரும் குரலே இல்லாமல் வாயை மட்டும் அசைத்துப் பேசுவார்கள், நாலு மெஷின் தள்ளி நிற்பவனோடு ஊர்வம்பு முழுவதும் பேசி முடிப்பார்கள். நீ சின்னப் பையனாக இருந்தபோது அந்தப் பேச்சை அவரிடம் கற்றுக்கொண்டு, சாப்பாட்டு மேசையில் இரண்டு பேரும் எனக்கு எதிரிலேயே சத்தமில்லாமல் வாயசைத்து என் சமையலைக் கிண்டல் செய்வீர்கள், நான் கரண்டியைத் தூக்குவேன். அதை நினைத்துக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றேன். அவர் நிமிர்ந்தார். குரலே எடுக்காமல், வெறும் உதட்டை மட்டும் அசைத்து, டீ வேணுமா என்று கேட்டேன். அரை கப் போதும் என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுத் திரும்பப் படிக்க ஆரம்பித்தார். அங்கேயே தரையில் உட்கார்ந்தேன்.

நான் உட்கார்ந்ததைப் பார்த்த பிறகுதான், நான் குரலே எடுக்கவில்லை என்று அவருக்குப் பொறி தட்டியது. எத்தனை நாளா என்று அதே மாதிரி சத்தமில்லாமல் கேட்டேன். முழுப் பூசணிக்காயை இவ்வளவு நாள் சோற்றில் மறைத்த மனுஷன், அதற்கு மேல் மறைக்கவில்லை. வேலையில இருந்தப்பவே போயிருக்கும், அங்கதான் யாருக்குமே எதுவும் கேக்காதே, எனக்கு எப்படித் தெரியும் என்றார். கடைசி நாள் அவருக்காக மெஷினையெல்லாம் நிறுத்தி எல்லோரும் கூடி நின்று மேனேஜர் பேசியிருக்கிறார். மெஷின் நின்னும் எனக்கு எதுவும் கேக்கல, மேனேஜர் மெதுவாப் பேசுறார்னு நெனச்சேன், அப்புறம் எல்லாரும் கை தட்டினாங்க, கை தட்டுறது தெரிஞ்சுது, கேக்கல என்றார். காதுக்கு அடைக்கிற பஞ்சு கம்பெனியில் கொடுக்கத்தான் செய்தார்கள், அதைப் போட்டால் அச்சு தகரத்தைச் சரியாக வெட்டுகிறதா என்று சத்தத்தை வைத்துத் தெரியாது என்று பையிலேயே வைத்திருப்பாராம். அதற்குப் பிறகு உன் பெட்டி வந்திருக்கிறது. எவ்வளவு ஆசையாக மாட்டியிருப்பார் யோசித்துப் பார். பாட்டில் டமாரம் மட்டும் தூரத்தில் யாரோ கதவைத் தட்டுவதுபோலத் தெரிந்ததாம், பாடுகிற குரல் துளியும் இல்லையாம். சத்தம் பத்தவில்லை என்று உன்னிடம் சொன்னார். நீ பெரிய ஹெட்போன் அனுப்பினாய், அதை மாட்டிக்கொண்டு வெளியே போன அன்றைக்குத்தான் அவருக்கு ஒன்று பிடிபட்டிருக்கிறது. இதப் போட்டுக்கிட்டா நான் பதில் சொல்லலைன்னு யாரும் கோவிச்சுக்கல, என்னைப் பாட்டுப் பைத்தியம்னு சொன்னாங்க, செவிடன்னு சொல்றதுக்கு அது எவ்வளவோ பரவாயில்ல என்றார். சார்ஜ் வயரை நான்தான் ஒளித்து வைத்தேன், அது பல நாள் செத்துக் கிடந்துச்சு, தெரியுமா என்று கேட்டேன். தெரியும் என்றார். சார்ஜ் இருந்தப்பவும் எனக்கு இப்படித்தான் இருந்துச்சு என்றார். உன் கேள்விக்கு இதுதான் பதில் கண்ணா, இதற்கு மேல் எந்த உசத்தியான மாடலும் அவருக்கு எதையும் கேட்க வைக்காது.

இப்போது பழசையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கிறேன், எல்லாம் கண்ணெதிரே இருந்திருக்கிறது. நீ போன் செய்தால் நல்லா இருக்கேன்பா, இந்தா அம்மாகிட்ட பேசு என்று என் கையில் திணிப்பார், பாசம் இல்லை என்று நீகூட ஒரு தடவை வருத்தப்பட்டாய். முகம் பார்த்துப் பேசும்போது நீ அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு டாக்டர் ஸ்கேன் பார்த்துட்டு என்ன சொன்னார்னு கேளுங்க என்றாய், இவர் இங்க சரியான வெயில்பா என்றார், நாம் எப்படிச் சிரித்தோம். அதோடு உன் புது மீசையைப் பற்றி ஓயாமல் குறை சொல்வாரே, நல்லாவே இல்ல, எடுத்துடச் சொல்லு என்று, எங்கள் காலத்து ரசனை என்று நினைத்தேன். அது உன் மேல் உதட்டை மறைக்கிறது கண்ணா, அதுதான் அவருடைய குறை. நான் ஏன் வீட்டிலிருந்து போனில் பேசவில்லை என்று இப்போது தெரிந்திருக்கும். அடுத்த அறையில் நின்று நான் எவ்வளவு கத்திப் பேசினாலும் அவருக்குக் கேட்காது, ஆனால் எதிரே இருந்தால் கிசுகிசுக்கக்கூட முடியாது, வாய் அசைந்தால் படித்துவிடுவார். கதவைச் சாத்திக்கொண்டு பேசினால் எதற்குச் சாத்தினாள் என்று வந்து நிற்பார்.

காது டாக்டரிடம் போகலாம் என்று அன்றிலிருந்து நச்சரித்துக்கொண்டிருக்கிறேன், மாட்டேன் என்கிறார். இந்த வயதில் காதில் ஒரு மெஷின் வைத்துக்கொள்வதில் என்ன கௌரவக் குறைச்சல் என்று கேட்டேன், கண்ணாடி போட்டால் யாராவது சிரிக்கிறார்களா. அதெல்லாம் இல்ல என்று தலையை ஆட்டினார். பிறகு ஏன் என்று பிடித்துக்கொண்டேன். பாப்பா அழுதா எனக்குக் கேக்காதே, டாக்டர் அப்படி எழுதிக் கொடுத்துட்டா அவங்க எப்படி என்கிட்ட புள்ளையை விடுவாங்க என்றார். குழந்தை பிறந்து மருமகள் வேலைக்குத் திரும்பும்போது அப்பாவும் அம்மாவும் வந்து பார்த்துக்கொள்ளட்டும் என்று நீங்கள் இரண்டு பேரும் சொன்னீர்களே, அந்த நாளிலிருந்து அவருக்கு அது ஒன்றுதான் நினைப்பு. உனக்குத் தெரியாது, ஒரு மாவுப் பையைத் துண்டில் சுற்றி, தோளில் சாய்த்துக்கொண்டு அறைக்கும் கூடத்துக்கும் நடந்து பழகுகிறார். நான் பார்த்துச் சிரித்தால் தலை நிற்காத புள்ள, கழுத்தைப் பிடிக்கணும் என்று எனக்கே பாடம் எடுக்கிறார். எனக்குக் கடை இருக்கிறது, நான் ஆறு வாரத்துக்கு மேல் அங்கே தங்க முடியாது, அவர்தான் பகல் முழுவதும் குழந்தையோடு இருக்கப் போகிறவர், அதுதானே நம் ஏற்பாடு. அதனால்தான் என் நெஞ்சில் கல் என்றேன். மறைத்து அவரை அனுப்பினால் அது அந்தக் குழந்தைக்குச் செய்கிற துரோகம். கெட்டிலைப் பார்த்தவள் நான், அது கத்திக் கத்தி வற்றியது, நாலடியில் இருந்தவருக்குத் தெரியவில்லை. சொல்லிவிட்டால் அவர் கையிலிருந்து அந்த மாவுப் பையைப் பிடுங்குவது போல. இரண்டு நாளாகச் சட்டைக்குக் கை மாற்றித் தைத்து முதலாளியம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொள்கிறேன். மருமகளிடம் இதை எப்படிச் சொல்வது, எப்போது சொல்வது, சொல்வதா வேண்டாமா, அதை நீதான் முடிவு செய்ய வேண்டும். பெறப் போகிறவள் அவள், அவள் பயந்தால் அதில் தப்பு சொல்ல எனக்கு வாயில்லை. உங்களுக்கு மனசு ஒப்பவில்லை என்றால் என்னிடம் மட்டும் சொல்லிவிடு, அவருக்கு வேறு ஏதாவது காரணம் சொல்லி நான் சமாளித்துக்கொள்கிறேன், பொய் சொன்ன பாவம் என்னோடு போகட்டும் என்றுதான்

இந்த இடத்தில் எழுத்து கோணலாகப் போயிருக்கும், பார்த்திருப்பாய். நிமிர்ந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உன் அப்பா நிற்கிறார். கையில் நான் மறந்துவிட்டு வந்த சாப்பாட்டுப் பை, ஹெட்போன் கழுத்தில் தொங்குகிறது, காதில் இல்லை. எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று தெரியவில்லை. அவர் பார்த்துக்கொண்டிருந்தது என் கையை இல்லை, என் வாயை. எழுதுகிற ஒவ்வொரு சொல்லையும் வாயால் சொல்லிக்கொண்டே எழுதுகிறவள் நான், அதைச் சத்தமே இல்லாமல் படிக்கத் தெரிந்த மனுஷனுக்கு எதிரே, வெளிச்சத்தில் உட்கார்ந்து எழுதியிருக்கிறேன். கையால் வாயைப் பொத்தினேன், எல்லாம் முடிந்த பிறகு. கோபப்படுவார் என்று நினைத்தேன். கோபம் இல்லை. கண்ணாடிக்குக் கிட்டே வந்து, புதிதாக வேலைக்கு வந்தவனுக்குச் சொல்வதுபோல மெதுவாக உதட்டை அசைத்து, அவன்கிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டியா என்று கேட்டார். தலையை ஆட்டினேன். பிறகு, பொய் எதுவும் வேணாம், நான் வரலாமா வேணாமான்னு மட்டும் கேளு என்றார். பையைக் கதவுக் கைப்பிடியில் மாட்டிவிட்டு, உள்ளே வராமல், தெருவை இரண்டு பக்கமும் திரும்பித் திரும்பிப் பார்த்துக் கடந்து போனார். அவர் அப்படிப் பார்த்துக் கடப்பதை இன்றைக்குத்தான் கவனிக்கிறேன்.

அவர் சொன்னபடி கேட்டுவிட்டேன் கண்ணா. பதிலை எனக்கு எழுதாதே, எனக்குப் போன் செய்யாதே. நீயும் மருமகளும் பேசி முடிவெடுத்த பிறகு அவருடைய போனுக்கே கூப்பிடு, முகம் பார்த்துப் பேசு. விளக்கு உன் முதுகுக்குப் பின்னால் வேண்டாம், முகத்தில் விழட்டும். கத்தாதே, கத்தினால் வாய் கோணும், அவருக்குப் படிக்க வராது. சாப்பாட்டு மேசைப் பேச்சு உனக்கு மறந்திருக்காது, அதில் சொல், வா என்றாலும் சரி, வேண்டாம் என்றாலும் சரி, உன் வாயிலிருந்து நேராக அவர் கண்ணுக்குப் போகட்டும், நடுவில் நான் வேண்டாம். நீங்கள் மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நீண்ட காலம் நன்றாக இருக்க வேண்டும், குட்டி சுகமாகப் பூமிக்கு வரட்டும். கூப்பிடுவதற்கு முன்னால் அந்த மீசையை மட்டும் எடுத்துவிடு.

ஆசைகளோடும் ஆசிகளோடும்,
உன் அம்மா